வினையும் மனையும்: வழக்குரைஞர் வாழ்வில் காலம் பற்றிய ஓர் அறவினா

பணிக்கும் வாழ்வுக்கும் இடையே சமநிலை காண்டல் என்னும் தொடர் தமிழுக்கு அண்மையில் வந்து சேர்ந்த ஒன்று. கணினி நிறுவனங்களின் மனிதவளத் துறைகளிலிருந்து நாளிதழ் இணைப்புகள் வழியாகப் பொதுவழக்கில் பரவிய இத்தொடர், பணியை ஒரு தட்டிலும் வாழ்வை மறுதட்டிலும் இட்டுத் துலாக்கோலின் முள்ளை நேர்நிறுத்துமாறு கூறுகிறது. பணி வாழ்வுக்கு வெளியே நிற்பது, இரண்டையும் ஒரே அலகால் நிறுக்கலாம், நிறுப்பவர் பணிபுரிபவர் ஒருவரே என்னும் எடுகோள்கள் இவ்வுருவகத்தினுள் மறைந்துள்ளன. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்திற்கு 70 மணிநேரம் உழைக்க வேண்டும் என்று கூறியபோது எழுந்த விவாதம் பெரும்பாலும் மணிக்கணக்கைப் பற்றியதாகவே அமைந்தமை இவ்வெடுகோள்களின் வலிமையைக் காட்டும்.

வழக்குரைத் தொழிலுக்கு இவ்வுருவகம் பொருந்தி வருவதில்லை. ஒருவர் கைது செய்யப்பட்டுள்ளார். எந்தக் காவல் நிலையத்தில் வைக்கப்பட்டுள்ளார் என்பது தெரியவில்லை. அவருடைய தாய் இரவு பத்து மணிக்கு வழக்குரைஞர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். உள்ளே அவ்வழக்குரைஞரின் குழந்தை காய்ச்சலில் கிடக்கிறது என்று கொள்வோம். தாயின் வருகைக்குப் 'பணி' என்றும் குழந்தையின் காய்ச்சலுக்கு 'வாழ்வு' என்றும் பெயரிட்டுவிட்டால் வினா எளிதாகிவிடும். ஆயின் இருபுறமும் நிற்பது உயிரே. நிறுவனத்தின் ஈட்டத்திற்காகக் கேட்கப்படும் கூடுதல் மணிநேரத்தை மறுப்பதில் பெரிய அறச்சிக்கல் இல்லை. பிறர் விடுதலைக்காகக் கேட்கப்படும் மணிநேரத்தை மறுப்பதில் உண்டு. அம்மணிநேரத்திற்கான விலையை வீட்டிலுள்ளோர் கொடுக்கின்றனர் எனின், அவ்விலையை உறுதிசெய்யும் உரிமை யாருக்கு உரியது? இவ்வினாவை அகத்திணை மரபின் பிரிவுக் கோட்பாட்டோடும், ஐதராபாத்தில் வாழ்ந்த மனித உரிமை வழக்குரைஞர் கே. ஜி. கண்ணபிரானின் வாழ்வோடும் இணைத்து இக்கட்டுரை நோக்குகிறது.

துலாக்கோல் உருவகத்தைப் பற்றி இன்னொன்றும் கூற வேண்டும். வள்ளுவர் நடுவுநிலைமையை விளக்கத் துலாக்கோலை உவமையாக ஆண்டார்; அவ்வுவமை நீதிபதிக்கு உரியது. வழக்குரைஞரோ கோல் அல்லர். ஒரு தட்டில் தம்மை எடையாக இடுபவர். பகல் முழுதும் ஒரு பக்கத்து எடையாக நிற்கப் பழகியவரிடம் மாலையில் கோலாக மாறுமாறு கேட்பது பொருத்தமான அறிவுரையாகத் தோன்றவில்லை.

பிரிவுக்கு எல்லை

பொருளீட்டவும் பணியாற்றவும் மனையை நீங்கிச் செல்லுதலை அகமரபு குற்றமாகக் கருதவில்லை. ஓதல், பகை, தூது, காவல், பொருள் எனப் பிரிவுக்கான காரணங்களை இலக்கணம் வகைப்படுத்தி ஏற்றுக்கொண்டது. ஆயினும் ஏற்றுக்கொண்ட அளவில் அது நின்றுவிடவில்லை என்பது கருதத்தக்கது. தொல்காப்பியக் கற்பியல் பிரிவின் கால அளவை வரையறுக்கிறது. கல்வியின் பொருட்டான பிரிவு மூன்று ஆண்டுகளைக் கடவாது. வேந்தன் பொருட்டான பிரிவு ஓராண்டுக்குள் அடங்கும். ஏனைய பிரிவுகளும் அவ்வியல்பினவே. முதற் கூற்றுக்குப் பொருள் கொள்வதில் உரையாசிரியர்களிடையே வேறுபாடு உண்டு. எனினும் பணியின் இன்றியமையாமையை ஒப்பிய அதே இலக்கணம் அதற்கு ஒரு மேல்வரம்பையும் இட்டது என்பதில் ஐயமில்லை. அரசனுடைய போரே ஆயினும் அதற்கும் வரம்பு உண்டு.

முல்லைத்திணையின் ஒழுக்கமான இருத்தல் இவ்வரம்பின் மேல் எழுப்பப்பட்டதே. கார்காலத் தொடக்கத்தில் மீள்வேன் என்று தலைவன் கூறிச் செல்கிறான்; அச்சொல்லை நம்பித் தலைவி ஆற்றியிருக்கிறாள்; வினைமுற்றிய தலைவன் தேரை விரைந்து செலுத்துமாறு பாகனை ஏவுகிறான். இங்குச் சமநிலை என்னும் கருத்துக்கு இடமே இல்லை. பணிக்காலத்தில் பணியே முழுமையாக ஆட்கொள்கிறது. அதனை ஏற்கத்தக்கதாக ஆக்குவது மீளும் பருவம் குறித்த வாக்கு ஒன்றேயாம்.

ஆடவர்க்குத் தொழிலே உயிர் எனக் கூறும் குறுந்தொகை 135ஆம் பாடலின் தொடர் மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. உழைப்பின் மேன்மைக்குச் சான்றாகவே அது பெரும்பாலும் காட்டப்படுகிறது. பாடலை முழுமையாக நோக்கினால் வேறொரு காட்சி புலனாகும். பாலை பாடிய பெருங்கடுங்கோ அச்சொற்களைத் தலைவன் வாயிலாக நேரே கூறவில்லை. தோழியின் கூற்றினுள் மேற்கோளாக வைத்துள்ளார். மனையுறை மகளிர்க்கு அவ்வாடவரே உயிராவர் என்பதையும் தலைவனே கூறியிருக்கிறான். ஆகலின் அவன் செலவைத் தவிர்ப்பான், அழாதே எனத் தோழி தலைவியைத் தேற்றுகிறாள். உழைப்பின் முழக்கமாக இன்று வழங்கும் தொடர், அது பிறந்த இடத்தில், புறப்பட்டவன் நிற்பதற்குரிய காரணமாகப் பயன்பட்டது. செலவு இடையில் தடைப்படுதல் செல்லாமை ஆகாது. ஆற்றுவித்தற்பொருட்டுச் சற்றுத் தங்குதலே அது என இலக்கணம் இதனை நுண்மையாக வேறுபடுத்தும். தலைவன் செல்லவே செல்வான். ஆயின் வீட்டிலிருப்பவரின் சொல்லைக் கேட்டபின் செல்வான். அகப்பாடல்களில் அச்சொல்லுக்குத் தனிக் கூற்றுரிமையே உண்டு. தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள், செவிலி பேசுகிறாள். வழக்குரைஞர்களைப் பற்றிய நூல்களில் பெரும்பாலும் வழக்குரைஞர் மட்டுமே பேசுகின்றனர்.

இருபத்துநான்கு மணிநேரம்

கண்ணபிரான் 1929-இல் மதுரையில் பிறந்து, நெல்லூரில் வளர்ந்து, சென்னையில் கல்வி பெற்று, 1960-களின் தொடக்கத்தில் ஐதராபாத்தில் வழக்குரைஞராக நிலைகொண்டார். மூசி ஆற்றின் தென்கரையில் 1920-இல் ஏழாம் நிசாம் மீர் உஸ்மான் அலி கான் திறந்துவைத்த உயர்நீதிமன்றமே அவர் தொழிற்களம். பார்வதிபுரம் சதிவழக்கு, செகந்திராபாத் சதிவழக்கு முதலியவற்றில் குற்றஞ்சாட்டப்பட்ட நக்சலிய இயக்கத்தவருக்காகவும் எழுத்தாளர்களுக்காகவும் வாதிட்டார். 1978 முதல் 1994 வரை ஆந்திரப் பிரதேச உரிமைக் குழுவின் தலைவராகவும், 1995 முதல் 2009 வரை மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் தேசியத் தலைவராகவும் விளங்கினார். 2010 டிசம்பர் 30 அன்று மறைந்தார். அரசியற் கருத்தில் அவரோடு உடன்படாதவர்களும் அவருடைய உழைப்பின் அளவை மறுத்ததில்லை.

செகந்திராபாத் சதிவழக்கு 1974-இல் தொடுக்கப்பட்டு 1989-இல் குற்றஞ்சாட்டப்பட்டோரின் விடுதலையில் முடிந்தது. இடைப்பட்ட காலம் 15 ஆண்டுகள். வேந்துவினைக்குத் தொல்காப்பியர் வகுத்த ஓராண்டோடு இதனை ஒப்பிடுகையில் நவீன நீதிமுறையின் காலம் எத்தன்மையது என்பது விளங்கும். கார்காலத்தில் மீள்வேன் எனக் கூறவியலாத வினை இது. ஒரு வழக்கு முடிவதற்குள் வேறு பத்து தொடங்கிவிடும். மறுபுறம், சில வினைகள் ஓர் இரவுக்குள் முடிந்தாக வேண்டும். நெருக்கடிநிலைக் காலத்தில், 1975 டிசம்பர் 1 அன்று, பூமையா, கிஷ்டா கவுடு என்னும் இருவர் தூக்கிலிடப்பட்ட நகரம் ஐதராபாத். அத்தகைய விடியலுக்கு முந்திய இரவில் ஒரு வழக்குரைஞரிடம் ஓய்வின் நன்மையைப் பற்றி யாரும் பேச முடியாது.

தம் வாழ்வின் இறுதிப்பகுதியில் கண்ணபிரான் தெலுங்கில் வெளியிட்ட தன்வரலாற்றின் தலைப்பு '24 கண்டலு', அதாவது இருபத்துநான்கு மணிநேரம். சட்டம் பயின்றவர் செவியில் இத்தலைப்பு உடனே அரசமைப்புச் சட்டத்தின் 22(2)ஆம் உறுப்பை எழுப்பும். கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணிநேரத்திற்குள் அருகிலுள்ள குற்றவியல் நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்பது அவ்வுறுப்பு. ஆனால் அரசின் மீது சுமத்தப்பட்ட அக்கெடு தானே இயங்குவதில்லை. யாரேனும் ஒருவர் தொலைபேசியில் அழைக்க வேண்டும்; தந்தி அனுப்ப வேண்டும்; ஆட்கொணர்வு மனுவைத் தட்டச்சு செய்விக்க வேண்டும்; நீதிபதியின் இல்லத்திற்கே சென்று காத்திருக்க வேண்டும். குடிமகனுக்குரிய இருபத்துநான்கு மணிநேரம் வழக்குரைஞரின் இருபத்துநான்கு மணிநேரத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று அத்தலைப்பைப் படிக்க இடமுண்டு. அவ்வாறு படிக்கும்போது, வழக்குரைஞரின் நேரம் அவருடைய சொந்த உடைமை என்னும் கருத்தே ஆட்டங்காண்கிறது. சமநிலை பேசுவோர் இக்கருத்தைத் தொடுவதேயில்லை.

இரண்டாம் குரல்

பெரும்பணிக்காகக் குடும்பத்தை விட்டவர்களைப் பற்றி மேலைமெய்யியலில் நிகழ்ந்த விவாதங்களுள் பெர்னார்ட் வில்லியம்சு 1976-இல் முன்வைத்தது குறிப்பிடத்தக்கது. ஓவியர் கோகேனை ஒத்த ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் செயலை நியாயப்படுத்த வல்லது ஏதேனும் உண்டெனின் அது அவர் ஓவியத்தில் அடையும் வெற்றி ஒன்றே என்றும், அவ்வெற்றியை முன்கூட்டி அறியவியலாது என்றும் வில்லியம்சு வாதிட்டார். இவ்வளவுகோல் கண்ணபிரானுக்குப் பொருந்தாது. காவல்துறை மோதற் கொலைகள் ஆந்திரத்தில் நின்றுவிடவில்லை. வென்ற வழக்குகளுக்கு நிகராகத் தோற்றவையும் உண்டு. வெற்றியே நியாயமெனின் உரிமை வழக்குரைஞர் எவரும் தம் வீட்டார்முன் நிமிர்ந்து நிற்க இயலாது. ஆகவே நியாயத்தை வேறிடத்தில் தேட வேண்டியுள்ளது.

ஒரு வழி துறவு. கண்ணபிரானோடு 1997-இல் தோன்றிய அக்கறையுள்ள குடிமக்கள் குழுவில் இணைந்து பணியாற்றிய முன்னாள் ஆட்சிப்பணி அலுவலர் எஸ். ஆர். சங்கரன் (மறைவு 2010) இறுதிவரை திருமணம் செய்துகொள்ளாமலேயே வாழ்ந்தார். மனை இல்லாதவிடத்து மனைக்கும் வினைக்கும் முரண் எழுவதில்லை. ஆயின் அது இல்லறத்தார்க்கு விடையாகாது. இல்வாழ்வான் ஓம்பவேண்டியவர்களாக வள்ளுவர் எண்ணும் ஐவருள் ஐந்தாவதாக நிற்பது 'தான்' என்பதும், எல்லா அறங்களையும் தான் உளனாய் நின்றே செய்யவேண்டும் என்று பரிமேலழகர் அதற்குக் காரணம் காட்டுவதும் இங்கு நினைக்கத்தக்கன. தன்னை அழித்துக்கொண்டு செய்யும் தொண்டை இல்லறத்தின் இலக்கணம் வேண்டுவதில்லை.

கண்ணபிரானின் மனைவி வசந்த் கண்ணபிரான் முல்லைத் தலைவியைப் போலக் கார்காலத்தை நோக்கிக் காத்திருந்தவர் அல்லர். ஐதராபாத்தில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றிய அவர், 1970-களின் இறுதியில் தோன்றிய ஸ்த்ரீ சக்தி சங்கடனாவின் நிறுவனர்களுள் ஒருவர். தெலங்கானா ஆயுதப் போராட்டத்தில் பங்குகொண்ட பெண்களின் வாய்மொழி வரலாற்றை அவ்வமைப்பு தொகுத்து 1980-களில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டது. பின்னர் அஸ்மிதா என்னும் பெண்கள் வளமையத்தை உருவாக்கியவர்களுள்ளும் அவர் ஒருவர். போராட்ட வரலாற்றில் ஆண்களின் பெயர்களே நின்றமையால் விடுபட்ட பெண்களின் சொல்லைத் தேடித் தொகுத்தவர், ஒரு போராளி வழக்குரைஞரின் வீட்டினுள் வாழ்ந்தார் என்பது தற்செயலான செய்தி எனக் கொள்ளத் தோன்றவில்லை. 2020-இல் அவருடைய தன்வரலாறும் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதனைக் கணவரின் வாழ்க்கைக்கு அடிக்குறிப்பாக அன்றி, ஓர் அரசியல் வாழ்வின் நினைவுக்குறிப்பாகவே அவர் அமைத்தார். ஒரே வீட்டின் இரு தன்வரலாறுகள் நம்முன் உள்ளன. அகமரபு தலைவிக்கு அளித்த கூற்றுரிமையை இங்கு ஒருவர் தாமே எடுத்துக்கொண்டார்.

கணவன் மனைவி இருவரும் ஒரே திசையில் நடந்த குடும்பம் இது. கதவைத் தட்டிய தாய் அக்குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் விருந்தினர் அல்லர் எனலாம். இதனைப் பொதுத்தீர்வாகக் கொள்வது பிழை. வழக்குரைஞர்களின் வாழ்க்கைத்துணைகள் அனைவரும் அவ்வழக்குகளில் நம்பிக்கை உடையவர்களாக இருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது இன்னொரு வகைச் சுமத்தலாகும். குழந்தைகளிடம் யாரும் ஒப்புதல் கேட்பதுமில்லை. எனினும் ஒன்று தெளிவாகிறது. வீட்டிலிருப்போர் கொடுத்த காலத்தை அவர்கள் கொடுத்ததாகவே ஏற்பதற்கும், அது தானே கிடைத்ததாகக் கருதுவதற்கும் இடையே அறவேறுபாடு உண்டு. மணிக்கணக்கு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம்.

வாய்தா

இதுவரை கூறியது கைதானவரின் இரவுக்குப் பொருந்தும். வழக்குரைஞர்களின் பெரும்பாலான இரவுகள் அத்தகையன அல்ல. நிலத்தகராறு, குத்தகை, வங்கிக்கடன், வரி, நிறுவன ஒப்பந்தம் ஆகியவற்றின் கட்டுகளே மேசையை நிறைக்கின்றன. அவற்றிற்கும் உரிமை வழக்கின் புனிதத்தைப் பூசிக்கொண்டு, 'கட்சிக்காரருக்காக' வீட்டை மறந்ததாகக் கூறும் வழக்கம் இத்தொழிலில் உண்டு. இதனைச் சற்றுக் கடுமையாகவே ஆராய வேண்டும்.

ஒரே நாளில் வெவ்வேறு நீதிமன்றங்களில் இருபது வழக்குகளை ஏற்றுள்ள வழக்குரைஞர் பெரும்பாலானவற்றில் வாய்தா கேட்டாக வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17ஆம் கட்டளை, வழக்குரைஞர் வேறொரு நீதிமன்றத்தில் இருக்கிறார் என்பதை வாய்தாவுக்குரிய காரணமாக ஏற்பதில்லை. 2002-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், விசாரணையின்போது ஒரு தரப்பினருக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா வழங்கலாகாது என வரையறுத்தது. சேலம் வழக்குரைஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தரப்பினரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட சூழலில் இவ்வரம்பு தளரலாம் என்று கூறித் திருத்தத்தை நிலைநிறுத்தியது. நடைமுறையில் வாய்தாக்கள் குறைந்தனவா என்பதை எந்த நீதிமன்ற வளாகத்திலும் ஒரு முற்பகல் நின்று காணலாம். இங்குக் கட்சிக்காரரின் காலமும் வழக்குரைஞரின் குடும்பத்தின் காலமும் ஒருசேர இழக்கப்படுகின்றன. மிகையான உழைப்பு இருவருக்கும் எதிராகவே அமைகிறது. அகமரபின் சொல்லில் கூறுவதாயின் இது பொருள்வயிற் பிரிவு. வேந்துவினையின் பெயரில் நிகழ்வது.

ஆகவே அறத்தெரிவு நிகழும் இடம் இரவு பத்து மணியன்று; வக்காலத்தில் கையொப்பமிடும் வேளையே. இந்திய பார் கவுன்சிலின் விதிகள், தாம் தொழில்புரியும் மன்றத்தில் வரும் வழக்கை உரிய கட்டணத்திற்கு ஏற்பது வழக்குரைஞரின் கடமை என்கின்றன. சிறப்புச் சூழலில் மறுக்கலாம் எனவும் இடமளிக்கின்றன. ஏற்ற பின்னரோ தக்க காரணமும் போதிய முன்னறிவிப்பும் இன்றி விலக இயலாது. தம்மால் நேரில் நின்று நடத்தவியலாத இருபத்தோராவது வழக்கை மறுத்தல் சோம்பல் ஆகாது. அவ்வழக்குக்குச் செய்யும் நேர்மை அது.

இளையோரின் மாலை

இவ்வாறு மறுக்கும் உரிமை மூத்தவர்க்கே உண்டு. அவர் அறையில் பணியாற்றும் இளநிலை வழக்குரைஞர் எவ்வழக்கையும் தெரிவு செய்வதில்லை. மறுநாளைய வழக்குப்பட்டியல் வெளிவந்தபின் அவருடைய மாலை தொடங்குகிறது. வழக்குரைஞர் முழுநேர ஊதியப் பணியாளராக இருத்தல் கூடாது என்பது பார் கவுன்சிலின் 49ஆம் விதி. தொழிலின் தற்சார்பைக் காக்க எழுந்த இக்கொள்கையின் நிழலில், இளையோர் யாருக்கும் பணியாளர் அல்லர் என்னும் நிலை உறுதிப்பட்டது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தொழிலாளர்க்கு அளித்த வாரம் 48 மணிநேர வரம்போ, 2017-இல் 26 வாரமாக உயர்ந்த மகப்பேற்று விடுப்போ அவர்களை எட்டியதில்லை. ஐதராபாத் உயர்நீதிமன்றத்தில் நீண்டகாலம் நீதிபதியாக விளங்கிய என். வி. ரமணா இந்தியத் தலைமை நீதிபதியாக இருந்தபோது, நாட்டின் 17 இலட்சம் வழக்குரைஞர்களில் பெண்கள் 15 விழுக்காட்டினரே என 2021-இல் சுட்டிக்காட்டினார். மனையையும் வினையையும் ஒருங்கே தாங்க வேண்டியவர் யார், அவருள் இடையில் விலகுபவர் யார் என்பதற்கு இவ்வெண்ணிக்கையும் ஒரு சான்று.

இளையோர் காலத்தின் மீது பிறர் செலுத்தும் ஆட்சிக்கு ஐதராபாத்தின் அண்மை வரலாற்றில் வெளிப்படையான எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. மாநிலப் பிரிவினையை அடுத்து ஆந்திரத்துக்கெனத் தனி உயர்நீதிமன்றம் 2019 சனவரி 1 முதல் இயங்கும் என்னும் அறிவிக்கை 2018 டிசம்பர் 26 அன்று வெளிவந்தது. இடையில் ஒரு வாரமும் இல்லை. ஆந்திர வழக்குகளை நம்பியிருந்த ஐதராபாத் வழக்குரைஞர்கள் கால நீட்டிப்புக் கோரியும் பயனில்லை. புதிய நீதிமன்றம் முதலில் விசயவாடாவில் தற்காலிகக் கட்டடத்தில் தொடங்கிப் பின்னர் அமராவதிக்குச் சென்றது. வீடு ஐதராபாத்தில், குழந்தைகளின் பள்ளி ஐதராபாத்தில், வழக்குக் கட்டுகள் ஏறத்தாழ 275 கிலோமீட்டருக்கு அப்பால். பெயர்பெற்ற மூத்தவர்க்கு இரு நகரிலும் அறை வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. நான்காண்டு அனுபவமுடைய ஒருவர் தொழிலையோ வீட்டையோ விடவேண்டும். பிரிவுக்குமுன் தேற்றுவதற்குரிய அழுங்கற்காலம்கூட அவர்களுக்குக் கிட்டவில்லை.

2024 சூனில் சென்னை உயர்நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவை நகரங்களில் இளநிலை வழக்குரைஞர்க்கு மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தளவு உதவித்தொகையாக வழங்கப்பட வேண்டும் என ஆணையிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் நகர்ப்புறத்துக்கும் ஊர்ப்புறத்துக்கும் இதே அளவுகளைப் பரிந்துரைத்தது. இரண்டும் பேசியது ஊதியத்தின் கீழ்வரம்பை. தொல்காப்பியர் வகுத்ததோ காலத்தின் மேல்வரம்பை. அது அவ்விரண்டு ஆவணங்களின் பொருளாக அமையவில்லை.